ஆம்புலன்ஸை எந்த ஊரில் நிறுத்துவது? ஒரே கணக்கு, வேறு வேறு விடைகள்

ஒரு சாலை, ஐந்து ஊர்கள், ஒரே ஓர் ஆம்புலன்ஸ். வண்டியை எந்த ஊரில் நிறுத்துவது? அரசின் முடிவுகளை அலச, நிபந்தனைகளுக்கு உட்பட்டு மிகச் சிறந்த விடையைத் தேடும் உகப்பாக்கக் கணிதம் உதவுமா என்று கேட்பவர்களிடம் நான் முதலில் நீட்டுவது இந்தக் கணக்கைத்தான். பேனாவும் தாளும் போதும், அரை மணி நேரத்தில் முடித்துவிடலாம். பள்ளி, தீயணைப்பு நிலையம், தடுப்பூசி மையம் என்று பெரிய விஷயங்களில் வரும் சிக்கல்களில் பெரும்பாலானவை இதற்குள்ளேயே இருக்கின்றன.

ஊர்களுக்கு அ, ஆ, இ, ஈ, உ என்று பெயர் வைத்துக்கொள்வோம். சாலை அ ஊரில் தொடங்குகிறது. அங்கிருந்து 10 கிலோமீட்டரில் ஆ, 20இல் இ, 35இல் ஈ, 60இல் உ. அ ஊரில் 52,000 பேர், ஆ ஊரில் 24,000, இ ஊரில் 12,000, ஈ ஊரில் 9,000, உ ஊரில் 3,000. மொத்தம் ஒரு லட்சம் பேர். வண்டி மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது என்றால் ஒரு கிலோமீட்டருக்கு ஒரு நிமிடம். நிலையத்தை ஏதாவது ஓர் ஊருக்குள்தான் அமைக்க முடியும்.

இதைக் கணினியிடம் கொடுத்தால், ‘எதைக் குறைக்க வேண்டும், எதைக் கூட்ட வேண்டும்?’ என்றுதான் அது முதலில் கேட்கும். குறிக்கோளை எழுதித் தராமல் கணக்கு நகராது. நடைமுறையில் மூன்று குறிக்கோள்கள் அதிகம் புழங்குகின்றன. சராசரி நேரத்தைக் குறைப்பது ஒன்று. கடைக்கோடியில் இருப்பவர் காத்திருக்கும் நேரத்தைக் குறைப்பது இன்னொன்று. குறிப்பிட்ட நிமிடங்களுக்குள் வண்டி எட்டும் மக்களின் எண்ணிக்கையைக் கூட்டுவது மூன்றாவது. முதல் இரண்டுக்கும் சாலை வலைப்பின்னலில் விடை காணும் வழியை எஸ். எல். ஹக்கிமி 1964இல் எழுதினார். மூன்றாவதை ரிச்சர்ட் சர்ச்சும் சார்ல்ஸ் ரெவெல்லும் 1974இல் வடிவமைத்தார்கள். எல்லாமே நன்கு சோதிக்கப்பட்ட முறைகள்தான், கணிதமாகப் பார்த்தால் எதிலும் குறையில்லை.

ஒவ்வோர் ஊரிலும் வண்டியை நிறுத்திப் பார்த்தால் கிடைப்பது இது:

| வண்டி நிற்கும் ஊர் | சராசரி (நிமிடம்) | கடைக்கோடி ஊருக்கு (நிமிடம்) | 15 நிமிடத்துக்குள் எட்டுவோர் | 20 நிமிடத்துக்குள் எட்டுவோர் |
|---|---|---|---|---|
| அ | 9.75 | 60 | 76,000 | 88,000 |
| ஆ | 10.15 | 50 | 88,000 | 88,000 |
| இ | 15.35 | 40 | 45,000 | 97,000 |
| ஈ | 26.75 | 35 | 21,000 | 21,000 |
| உ | 50.25 | 60 | 3,000 | 3,000 |

சராசரி வேண்டுமென்றால் விடை அ. கடைக்கோடி ஊரைக் காப்பாற்ற வேண்டுமென்றால் ஈ. 15 நிமிட வரம்பு வைத்தால் ஆ. அதே வரம்பை 20 நிமிடம் ஆக்கினால் இ. சாலை, மக்கள், வண்டி எதுவும் மாறவில்லை. நாம் கேட்ட கேள்வி மட்டும் மாறியிருக்கிறது, நான்கு ஊர்களும் ஆளுக்கொரு முறை ‘மிகச் சிறந்த இடம்’ ஆகிவிட்டன. ‘கணினி சொல்லிவிட்டது’ என்று யாராவது ஒரு திட்டத்தை மேசையில் வைத்தால் நாம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, அதனிடம் எதைக் கேட்டீர்கள் என்பதுதான்.

இனி ஒவ்வொன்றையும் எடைபோட்டுப் பார்ப்போம்.

சராசரிக்குப் பெரிய பலம் உண்டு: எல்லாருடைய நிமிடத்துக்கும் ஒரே மதிப்பு. அ ஊரில் ஒருவர் காத்திருக்கும் ஒரு நிமிடமும் உ ஊரில் ஒருவர் காத்திருக்கும் ஒரு நிமிடமும் சமம். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் மக்கள்தொகை ஓர் இடத்தில் குவிந்திருந்தால் சராசரி அங்கேயே போய் நின்றுவிடும். நம் கணக்கில் பாதிக்கு மேற்பட்டவர்கள் அ ஊரில் இருக்கிறார்கள். அந்தக் காரணத்தாலேயே, மற்ற ஊர்கள் எவ்வளவு தூரத்தில் இருந்தாலும் விடை அ தான். உ ஊரை 60இலிருந்து 200 கிலோமீட்டருக்குத் தள்ளிவைத்தாலும் விடை அசையாது. சிதறிக் கிடக்கும் சின்ன ஊர்களுக்கு இந்தக் குறிக்கோளில் எண்ணிக்கை உண்டு, குரல் கிடையாது.

கடைக்கோடியைக் கவனிக்கும் முறை இதற்கு நேரெதிர். தத்துவ அறிஞர் ஜான் ரால்ஸ் 1971இல் முன்வைத்த நீதிக் கோட்பாட்டில், ஏற்றத்தாழ்வு இருந்தால் அது மிகவும் பின்தங்கியவர்களுக்கு நன்மை தர வேண்டும் என்று ஒரு கொள்கை வரும். அதற்கு நெருக்கமான கணித வடிவம் இது. மனதுக்கு இதமான முறை, ஆனால் கணக்கைப் பாருங்கள். வண்டியை இ ஊரிலிருந்து ஈ ஊருக்கு நகர்த்தினால் கடைக்கோடி நேரம் 40இலிருந்து 35 ஆகிறது, ஐந்து நிமிட லாபம். அதற்காகச் சராசரி 15.35இலிருந்து 26.75க்கு ஏறுகிறது. இதில் இன்னொரு விஷயம்: வண்டி ஈ ஊருக்குப் போனதும் கடைக்கோடி ஊராக மாறுவது அ, 52,000 பேர் வாழும் ஊர். உ ஊருக்கு இப்போது 25 நிமிடம்தான். பின்தங்கியவர்களைக் காப்பாற்றுகிறோம் என்று கிளம்பிப் பெரும்பான்மையையே கடைக்கோடியில் நிறுத்தியாயிற்று. இந்தக் குறிக்கோள் ஓர் ஊரின் தூரத்தை மட்டும் பார்க்கிறது, அங்கே எத்தனை பேர் என்று பார்ப்பதில்லை.

மூன்றாவது முறை நிர்வாகத்துக்குப் பிடித்தது. ‘15 நிமிடத்தில் 88 சதவீதம் மக்களை எட்டுகிறோம்’ என்பது அறிக்கையில் எழுத ஏற்ற வாக்கியம். எனக்கு அதிகம் கவலை தருவதும் இதுதான். 14 நிமிடம் 59 நொடியில் வந்த வண்டி முழு வெற்றி, 15 நிமிடம் ஒரு நொடியில் வந்தது முழுத் தோல்வி என்று இது கணக்கு வைக்கிறது. வரம்புக்கு வெளியே விழுந்த ஊருக்கு வண்டி 16 நிமிடத்தில் போனாலும் 60 நிமிடத்தில் போனாலும் மதிப்பெண் ஒன்றே. ஆகவே அந்த ஊரை மேலும் கைவிட இந்தக் கணக்கில் எந்தத் தடையும் இல்லை. அதோடு, 15 என்ற எண்ணை யாரோ ஒருவர் முடிவு செய்திருப்பார், பெரும்பாலும் விவாதமே இல்லாமல். அட்டவணையில் அந்த எண் 20 ஆனதும் நிலையம் 10 கிலோமீட்டர் நகர்ந்துவிடுகிறது. ஓர் ஊருக்கு ஆம்புலன்ஸ் கிடைக்குமா என்பதை அடிக்குறிப்பில் இருக்கும் ஒரு எண் தீர்மானிக்கிறதென்றால், சபையில் விவாதிக்க வேண்டியது அந்த எண்ணைத்தான்.

சரி, நிமிடங்களை விட்டுவிட்டுப் பிழைக்கும் வாய்ப்பையே குறிக்கோளாக வைத்தால்? இதயத் துடிப்பு நின்ற ஒருவருக்கு நெஞ்சை அழுத்தும் முதலுதவியோ மின் அதிர்ச்சியோ கிடைக்காவிட்டால், ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பு ஏறக்குறைய 7 முதல் 10 சதவீதம் வரை குறைகிறது என்பது மருத்துவ உலகில் பரவலாக ஏற்கப்பட்ட கணிப்பு. நேரம் கூடக் கூட வாய்ப்பு குறையும் அந்த வளைகோட்டைக் கணக்கில் போடலாம், போட்டும் இருக்கிறார்கள். உண்மைக்கு மிக நெருக்கமான குறிக்கோள் இதுதான். ஆனால் அதன் விளைவைத் தெரிந்துதான் இறங்க வேண்டும். 5 நிமிடத்தை 4 ஆக்குவதில் நிறைய உயிர்கள் மிஞ்சும். 40 நிமிடத்தை 39 ஆக்குவதில் கிட்டத்தட்ட ஒன்றும் மிஞ்சாது. எனவே இந்தக் கணக்கு வண்டியைக் கூட்டம் இருக்கும் இடத்துக்குச் சராசரியைவிட வலுவாக இழுக்கும். பிரசவ வலி, பாம்புக்கடி, விபத்து போன்றவற்றில் நேரத்துக்கும் ஆபத்துக்கும் உள்ள உறவு வேறு. ஒரே ஒரு நோயின் வளைகோட்டை வைத்து எல்லா அழைப்புகளையும் எடைபோட்டால் தூரத்து ஊர்கள் காரணமில்லாமல் தோற்கும்.

ஒவ்வொரு பலனுக்கும் மதிப்பெண் கொடுத்து, செலவால் வகுத்து, வரிசைப்படுத்துவது இன்னொரு வழி. இதைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். அமெரிக்காவின் ஆரிகன் மாநிலம் ஏழைகளுக்கான மருத்துவக் காப்பீட்டில் எதற்கெல்லாம் பணம் தருவது என்று இப்படி ஒரு பட்டியலை 1990இல் வெளியிட்டது. அதில் பல்லுக்கு உறை போடுவது, குடல்வால் அழற்சிக்கான அறுவை சிகிச்சைக்கு மேலே வந்து உட்கார்ந்தது. பல் உறைக்குச் செலவு சொற்பம், அதனால் விகிதம் அழகாக வந்துவிட்டது. எதிர்ப்பு கிளம்பியது, பட்டியலைக் கைவிட்டு முறையையே மாற்றினார்கள். சின்னப் பலனும் உயிர் காக்கும் பலனும் ஒரே அளவுகோலில் ஏறினால் இப்படித்தான் ஆகும்.

இத்தனையையும் பார்த்தபின் நான் பரிந்துரைப்பது, குறிக்கோளாகச் சராசரியை வைத்துக்கொண்டு, கடைக்கோடிக்கு ஒரு உச்சவரம்பை நிபந்தனையாகப் போடுவது. ‘எந்த ஊரும் இத்தனை நிமிடத்துக்கு மேல் காத்திருக்கக் கூடாது, அதற்கு உட்பட்டுச் சராசரியைக் குறை’ என்று கணினியிடம் சொல்கிறோம். ஒரே வரம்போடு நிறுத்தக் கூடாது. வரம்பைப் படிப்படியாக இறுக்கி, ஒவ்வொரு படிக்கும் என்ன விலை என்று எழுத வேண்டும்.

நம் கணக்கில் அந்த விலைப்பட்டியல் மிகத் தெளிவாக வருகிறது. வரம்பே இல்லாவிட்டால் வண்டி அ ஊரில், கடைக்கோடி 60 நிமிடம். வரம்பு 50 என்றால் வண்டி ஆ ஊருக்கு நகர்கிறது, சராசரி வெறும் 0.4 நிமிடம், அதாவது 24 நொடி, கூடுகிறது. வரம்பு 40 என்றால் இ, சராசரி மேலும் 5.2 நிமிடம் கூடுகிறது. வரம்பு 35 என்றால் ஈ, இன்னும் 11.4 நிமிடம். முதல் படியைப் பாருங்கள். சராசரியாக ஆளுக்கு 24 நொடி கூடக் கொடுத்தால் ஆ ஊருக்கு அப்பால் இருக்கும் எல்லா ஊர்களுக்கும் பத்து நிமிடம் மிச்சம். அதில் அ ஊர்க்காரர்கள் தரும் விலை ஆளுக்குப் பத்து நிமிடம், அதையும் மறைக்காமல் அவர்களிடம் சொல்ல வேண்டும். சொன்னபின் அந்தப் படியை ஏற்கும் சபைகள் நிறைய இருக்கும் என்று நம்புகிறேன். கடைசிப் படியை ஏற்பவர்கள் குறைவு. எந்தப் படியில் நிற்பது என்பதை மக்கள் பிரதிநிதிகள் முடிவு செய்யட்டும். படிகளையும் விலைகளையும் கண்முன் விரித்து வைப்பது கணிதத்தின் வேலை, அந்த வேலையை அது வேறெதையும்விட நன்றாகச் செய்கிறது.

இன்னொரு வண்டிக்குப் பணம் கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். சராசரியைக் குறைக்க இரண்டையும் எங்கே நிறுத்துவது? அ, ஆ ஊர்களில் நிறுத்தினால் சராசரி 4.95 நிமிடம். அ, இ ஊர்களில் நிறுத்தினாலும் 4.95. அ, ஈ ஊர்களில் நிறுத்தினாலும் அதே 4.95. மூன்றும் சமம், இவற்றைவிடக் குறைவாக வேறெந்த ஜோடியிலும் வராது. ஆனால் உ ஊருக்கு வண்டி போய்ச்சேர முதல் ஏற்பாட்டில் 50 நிமிடம், இரண்டாவதில் 40, மூன்றாவதில் 25. மென்பொருள் இந்த மூன்றில் முதலில் கண்ணில் பட்டதைக் கொடுத்துவிட்டு நின்றுவிடும். மற்ற இரண்டும் இருப்பதாகச் சொல்லாது. ஒரு பைசா செலவில்லாமல் உ ஊருக்குக் கிடைத்திருக்கக்கூடிய 25 நிமிடம், யாரும் கேட்கவில்லை என்பதற்காகவே போய்விடும். நிஜத் திட்டங்களில் ஆயிரக்கணக்கான ஊர்கள் வரும்போது அச்சு அசலாகச் சமம் வருவது அபூர்வம், ஆனால் கிட்டத்தட்டச் சமமான விடைகள் கும்பலாக வரும். ‘மிகச் சிறந்த விடையிலிருந்து ஒரு சதவீதத்துக்குள் இருக்கும் எல்லா விடைகளையும் கொடு’ என்று கேட்பது கட்டாயம்.

இப்படிச் சமமாக வரும்போது உதவுவது அடுக்குமுறை: முதல் குறிக்கோளில் கிடைத்த அளவை விட்டுக்கொடுக்காமல் இரண்டாவது குறிக்கோளைத் தேடுவது. பிரிட்டனில் சிறுநீரகப் பரிமாற்றத் திட்டம் இப்படி நடக்கிறது. தன் உறவினருக்குத் தன் சிறுநீரகம் பொருந்தாத கொடையாளர், அதே நிலையில் இருக்கும் இன்னொரு ஜோடியோடு மாற்றிக்கொள்கிறார். மூன்று ஜோடிகள் வட்டமாக மாற்றிக்கொள்வதும் உண்டு, ஆனால் ஒருவர் பின்வாங்கினால் வட்டம் முழுவதும் கலையலாம். அதனால் அங்கே முதல் அடுக்கில் இருவழிப் பரிமாற்றங்களையும், ஒருவர் விலகினாலும் உள்ளே ஓர் இருவழிப் பரிமாற்றமாவது மிஞ்ச வாய்ப்புள்ள வட்டங்களையும் கூட்டுகிறார்கள். மொத்த எண்ணிக்கை அடுத்த அடுக்கில்தான் வருகிறது. எது முன், எது பின் என்ற வரிசை எழுத்தில் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் படித்து வாதாடலாம். பொதுக்கொள்கைக்கு இதைவிடப் பெரிய தகுதி இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

குறிக்கோளைச் சரியாக எடுத்தாலும், எழுதாமல் விட்டது பின்னால் வந்து நிற்கும். இந்தத் துறையின் மூத்த கணக்குகளில் ஒன்று பொருளாதார அறிஞர் ஜார்ஜ் ஸ்டிக்லரின் உணவுக் கணக்கு. 77 உணவுப் பொருள்கள், 9 சத்துகள், ஒருவருக்கு ஓர் ஆண்டுக்கு மிக மலிவான உணவு எது என்பது கேள்வி. 1945இல் அவர் தோராயமாகக் கண்ட விடை, 1939 விலையில் 39.93 டாலர். இத்தகைய கணக்குகளுக்குத் துல்லியமான விடை காணும் ஜார்ஜ் டான்ட்சிக்கின் சிம்ப்ளெக்ஸ் முறை வந்தபின் 1947இல் ஒன்பது பேர் மேசைக் கால்குலேட்டரோடு உட்கார்ந்து, மொத்தம் ஏறக்குறைய 120 ஆள்-நாள் உழைத்துக் கண்ட துல்லியமான விடை 39.69 டாலர். ஸ்டிக்லரின் பட்டியலில் இருந்தவை கோதுமை மாவு, கெட்டிப்பால், முட்டைக்கோஸ், கீரை, உலர்ந்த பீன்ஸ். ஆண்டு முழுக்க இதை யாராலும் சாப்பிட முடியாது. ருசிக்கு அங்கே நிபந்தனை எழுதப்படவில்லை.

உணவுக் கணக்கில் யாரும் பட்டினி கிடக்கவில்லை. ஊர்க் கணக்கில் அப்படி இல்லை. 1970களின் தொடக்கத்தில் நியூயார்க்கில் எந்தத் தீயணைப்பு நிலையங்களை மூடலாம் என்று பார்க்க, ராண்ட் என்ற ஆய்வு நிறுவனத்தினர் உருவாக்கிய, வண்டி வந்துசேரும் நேரத்தைக் கணிக்கும் கணித மாதிரிகள் பயன்பட்டன. வண்டி வந்துசேரும் நேரத்தை அளப்பது சுலபம், தீயால் என்ன அழிந்தது என்பதை அளப்பது கடினம். அளக்க முடிந்தது குறிக்கோள் ஆனது. தீ விபத்துகள் பெருகியிருந்த பிராங்க்ஸ் போன்ற ஏழைப் பகுதிகளிலும் நிலையங்கள் மூடப்பட்டன, அந்த மாதிரிகள் இன்றுவரை கடும் விமர்சனத்துக்கு உள்ளாகின்றன.

பாஸ்டன் நகரம் 2017இல் கண்டது வேறு மாதிரியான பாடம். எம்ஐடி பல்கலைக்கழக ஆய்வாளர்களின் கணக்கு பள்ளிப் பேருந்துத் தடங்களை மாற்றியமைத்தது. ஏறக்குறைய 50 பேருந்துகள் குறைந்தன, 50 லட்சம் டாலர் மிச்சமானது, பெரிய எதிர்ப்பு இல்லை. அடுத்து அதே குழுவின் கணக்கை வைத்துப் பள்ளி தொடங்கும் நேரங்களை மாற்றும் திட்டம் வந்தது. பதின்பருவத்தினர் தாமதமாகத் தொடங்குவது நல்லது என்பது உட்பட நல்ல நோக்கங்கள் பலவும் அதில் இருந்தன. ஆனால் சில சின்ன வகுப்புப் பிள்ளைகள் காலை 7.15க்குப் பள்ளியில் இருக்க வேண்டும், மதியமே வீடு திரும்ப வேண்டும் என்று ஆனது. பெற்றோர் கொதித்தார்கள், அந்த மாதமே திட்டம் நிறுத்தப்பட்டது. தடத்தை மாற்றியபோது வண்டி வேறு தெரு வழியாகப் போனது, அவ்வளவுதான். நேரத்தை மாற்றியபோது ஒவ்வொரு வீட்டின் வேலை நேரமும் கலைந்தது. அந்த வீடுகளைக் கேட்காமல் கணக்கின் நிபந்தனைகளை எழுதியிருக்கவே முடியாது.

தரவு பற்றியும் ஒரு வார்த்தை. நம் கணக்கில் மக்கள்தொகையை எடையாக வைத்தோம். பலர் அதற்குப் பதில் பழைய ஆம்புலன்ஸ் அழைப்புகளை வைப்பார்கள், அதுதான் உண்மையான தேவை என்று. வண்டி ஒரு மணி நேரம் கழித்து வரும் ஊரில் ஆட்கள் அழைப்பதையே விட்டுவிட்டுக் கிடைத்த வாகனத்தில் ஏற்றிக்கொண்டு போவார்கள். அவர்களுடைய அழைப்பு பதிவில் இருக்காது. பதிவில் இல்லாததால் அடுத்த கணக்கிலும் வண்டி அங்கே போகாது. இரண்டு எடைகளிலும் ஓட்டிப் பார்த்து, விடை எங்கே மாறுகிறது என்று காட்டுவது நல்லது. வண்டி எப்போதும் சும்மா நிற்கும் என்ற அனுமானத்தையும் சோதிக்க வேண்டும். ஓர் அழைப்புக்குப் போயிருக்கும் வண்டி அடுத்த அழைப்புக்கு இல்லை. மார்க் டாஸ்கின் 1983இலேயே இதற்கு ஒரு கணித மாதிரி கொடுத்துவிட்டார்.

எந்தச் சூழ்நிலையில் எதை எடுப்பது என்று கேட்டால் என் நிலைப்பாடு இது. மக்கள் ஏறக்குறைய சமமாகப் பரவியிருந்தால் சராசரியே போதும், மற்றவை அதிலிருந்து அதிகம் விலகாது. ஒரு பெரிய ஊரும் சிதறிய சின்ன ஊர்களும் என்றால் உச்சவரம்போடு கூடிய சராசரி. சட்டமே ஒரு நிமிட வரம்பை விதித்திருந்தால் மூன்றாவது முறையைத் தவிர்க்க முடியாது, ஆனால் வரம்பை இரண்டு மூன்று அளவுகளில் மாற்றி ஓட்டிய விடைகளும் அறிக்கையில் இருக்க வேண்டும். பிழைக்கும் வாய்ப்பைக் குறிக்கோளாக வைப்பது, வெவ்வேறு நோய்களுக்கு வெவ்வேறு வளைகோடு போடத் தரவு இருக்கும்போது மட்டும். அறிக்கையைப் படிப்பவருக்கு ஒற்றை விடையைக் கொடுக்காமல், மேலே போட்ட மாதிரி ஓர் அட்டவணை, விலைப்பட்டியல், கிட்டத்தட்டச் சமமான மாற்று விடைகள் ஆகிய மூன்றும் கொடுங்கள்.

அப்புறம், கணினி நாம் எழுதிக் கொடுத்த தேர்வுகளுக்குள்தான் தேடும். ஒரு வண்டிதான் இருக்கிறது, உ ஊருக்கு எந்த நல்ல ஏற்பாட்டிலும் 40 நிமிடத்துக்குக் கீழே வரவில்லை என்றால், அந்த ஊரிலேயே நாலைந்து பேருக்கு முதலுதவிப் பயிற்சி கொடுத்து, ஒரு மின் அதிர்ச்சிக் கருவியும் வைத்தால் என்ன என்று ஒரு மனிதர்தான் யோசிக்க வேண்டும். அதன் செலவையும் அது மிச்சப்படுத்தும் நிமிடங்களையும் புதிய தேர்வாகச் சேர்த்து, கணக்கை மறுபடி ஓட்டுங்கள். வண்டி ஆ ஊரிலேயே நிற்கலாம் என்று அப்போது தெரியவந்தாலும் வரலாம்.